வால் இருக்கா பாரு

வீட்டில் உட்கார்ந்தபடியே ஆப்பிரிக்கக் காட்டுச் சிம்பன்சிகளின் வீடியோக்களைப் பார்த்து ஆய்வாளர்களுக்குக் கணக்கெடுத்துக் கொடுத்த கதை இது. அதற்கு முன் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 2019 கடைசியில் சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. வண்டியை மாற்றலாம் என்றார் வீட்டுக்காரர். எனக்கு வேறு ஆசை. ஆப்பிரிக்காவில் இரண்டு வாரம் தங்கி, தாயில்லாத சிம்பன்சிக் குட்டிகளைப் பார்த்துக்கொள்ளலாம், பால் புட்டி கொடுக்கலாம், மடியில் போட்டுத் தூங்க வைக்கலாம், கிளம்பும்போது தன்னார்வலர் சான்றிதழும் உண்டு என்று ஒரு ஏஜென்சி விளம்பரம் செய்திருந்தது. ஜேன் குட்டாலின் படத்தைச் சின்ன வயதில் ஒரு வார இதழில் பார்த்த நாளிலிருந்து உள்ளே கிடந்த ஆசை. 1960-இல், 26 வயதில், கல்லூரிப் பட்டம்கூட இல்லாமல், சிம்பன்சிகளை ஆராய இன்றைய தான்சானியாவின் கோம்பே காட்டுக்குள் போனவர் அவர். நமக்கு இரண்டு வாரமாவது முடியாதா என்று 20,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். மார்ச்சில் ஊரடங்கு வந்தது. விமானம் நின்றது, கொஞ்ச நாளில் ஏஜென்சியின் போனும் நின்றது. பணம் இன்றுவரை வரவில்லை.

வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போகாமல் இருந்தது நல்லதற்குத்தான் என்று பிறகு படித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

சிம்பன்சிகளுக்கு நம் சளி ஆகாது. 2013-இல் உகாண்டாவின் கிபாலே காட்டில் ஒரு சிம்பன்சிக் கூட்டத்துக்கு இருமல் வந்து ஐந்து இறந்துபோயின. காரணம் ரைனோவைரஸ் சி. நமக்கு வந்தால் இரண்டு நாள் மூக்கு ஒழுகும், சுக்குக் கஷாயம் குடித்துவிட்டு ஆபீஸ் போவோம். இதனால்தான் காட்டில் ஆய்வு செய்பவர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு, குறைந்தது ஏழு மீட்டராவது தள்ளி நிற்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புது ஆட்களை இறக்கி, விமானத்தில் பிடித்த சளியோடு குட்டியை மடியில் வைக்கவிடும் இடம் எப்படிப்பட்டது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குட்டி எப்படி அநாதையானது என்பது இன்னொரு கேள்வி. சிம்பன்சித் தாய் குட்டியை விட்டுக்கொடுக்காது. குட்டியைப் பிடிக்க வேண்டும் என்றால் தாயைக் கொல்ல வேண்டும், பல நேரம் குறுக்கே வரும் மற்றவற்றையும். தாய் ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நடுவே ஐந்து வருடம் போல இடைவெளி விடும். அதனால் ஒரு குட்டி போனால் கூட்டத்தில் விழும் ஓட்டை சீக்கிரம் அடைபடாது.

நல்ல சரணாலயங்கள் இல்லாமல் இல்லை. சியரா லியோனில் டாகுகாமா என்று ஒன்று இருக்கிறது. அதைத் தொடங்கியவர் இலங்கையில் பிறந்த பாலா அமரசேகரன். தொழிலில் கணக்காளர். (நானும் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பதால் இந்த வரியைப் படித்ததும் ஒரு துள்ளல்.) 1988-இல் ஒரு கிராமத்தில் நோஞ்சானாகக் கிடந்த குட்டியைப் பார்த்து மனசு கேட்காமல் வாங்கிவந்து, புரூனோ என்று பெயர் வைத்தார். அதுபோல இன்னும் எத்தனை குட்டிகள் வீடுகளில் கட்டிக் கிடக்கின்றன என்று தெரியவந்து, 1995-இல் ஃப்ரீடவுன் பக்கத்தில் சரணாலயம் அமைத்தார். 2019-இல் அந்த நாடு சிம்பன்சியைத் தேசிய விலங்காகவே அறிவித்தது. காசு கொடுத்து மீட்டால் அடுத்த குட்டியைப் பிடிப்பவனுக்கு அதுவே கூலியாகிவிடும் என்பதால், ஒழுங்கான சரணாலயங்கள் இப்போது குட்டிகளை விலைக்கு வாங்குவதில்லை. சுற்றியிருக்கும் காடு அழிவதை யாரும் தடுக்கவில்லை என்று 2025-இல் டாகுகாமா பார்வையாளர்களுக்குக் கதவையே மூடியது. டிக்கெட் வருமானம் போனாலும் பரவாயில்லை என்று மூடுகிற இடமும், சான்றிதழ் தருகிறோம் வாருங்கள் என்று கூவுகிற இடமும் ஒன்றாகுமா?

ஆகவே நேரில் போகத்தான் ஆசை என்பவர்கள் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாள் வருகிறவர்களை விலங்கைத் தொட விடுவீர்களா? "விடுவோம்" என்றால் போனை வைத்துவிடுங்கள். காசநோய்ப் பரிசோதனை, தடுப்பூசிச் சான்று கேட்கிறார்களா? கேட்காவிட்டால் அதற்கும் போனை வைத்துவிடலாம். ஆப்பிரிக்கச் சரணாலயங்களின் கூட்டமைப்பான பாசாவில் உறுப்பினரா? நான் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. அடுத்தவர் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் இரவு உட்கார்ந்து தேடுகிறவள், என் சொந்தக் காசை இப்படி விட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊரடங்கில் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோதுதான் பொதுமக்கள் ஆய்வுகளுக்கு உதவும் ஜூனிவர்ஸ் என்ற இணையதளத்தில் 'சிம்ப் அண்ட் சீ' என்ற திட்டம் கண்ணில் பட்டது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானுடவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆப்பிரிக்காவில் பல நாடுகளின் காடுகளில் தானியங்கி கேமராக்களை மரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். எதிரே ஏதாவது அசைந்தால் கேமரா தானாக ஒரு நிமிடம் படம் எடுக்கும். அப்படிச் சேர்ந்த காட்சிகள் மலை மாதிரி. ஆய்வாளர்கள் மட்டும் உட்கார்ந்து பார்த்தால் தீராது. அதனால் பதினைந்து நொடித் துண்டுகளாக வெட்டி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லுங்கள் என்று 2015-இல் திறந்துவிட்டார்கள். என்ன விலங்கு, எத்தனை, என்ன செய்கிறது. அவ்வளவுதான். படிப்பு தேவையில்லை, காசும் இல்லை. கொஞ்சம் ஆங்கிலம் வேண்டும்.

முதல் நாள் இரவு மகனையும் கூட்டி வைத்துக்கொண்டு ஆசையாக உட்கார்ந்தேன். முதல் துண்டில் இலை ஆடியது. இரண்டாவதிலும் இலை. மூன்றாவதில் இருட்டு. நாலாவதில் ஒரு சின்ன மான் வந்து, நின்று, போனது. பத்தாவது துண்டில் மகன் எழுந்து போய்விட்டான்.

முதல் வாரம் முழுக்க ஒரு சிம்பன்சியும் வரவில்லை. அந்த ஏமாற்றத்தில் ஒரு தப்பு செய்தேன். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, சாம்பல் நிறத்தில் மங்கலான ஒரு காட்சி. கறுத்த உருவம் ஒன்று கேமராவுக்கு நேராக உட்கார்ந்து எதையோ பொறுக்கித் தின்றது. "வந்துடுச்சு!" என்று கத்திக்கொண்டே சிம்பன்சி என்று அழுத்தினேன். அடுத்த துண்டிலும் அதே உருவம். திரும்பி நடந்தது. பின்னால் நீளமாக ஒரு வால், வளைந்து நின்றது.

மாங்கபே என்னும் குரங்கு அது. சிம்பன்சிக்கு வால் கிடையாது. தமிழில் நாம் எல்லாவற்றையும் குரங்கு என்று சொல்லிவிடுகிறோம். சிம்பன்சி, கொரில்லா, போனபோ, உராங்உட்டான் இவையெல்லாம் வாலில்லாத மனிதக் குரங்குகள், தனிப் பிரிவு. எனக்கு இது பள்ளிப் பாடத்திலேயே தெரியும். தெரிந்தும் அழுத்தினேன், ஏனென்றால் நான் அதைப் பார்க்க ஆசைப்பட்டேன். நல்லவேளை, ஒரே துண்டைப் பலருக்கும் காட்டி, எல்லோர் பதிலையும் ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள். என் அசட்டுத்தனம் அதில் கரைந்திருக்கும்.

அன்றைக்குத்தான் இந்த வேலை என்னவென்று புரிந்தது. ஆபீஸில் வியாபாரமே நடக்காத மாதத்துக்கும் ஜிஎஸ்டியில் நில் ரிட்டர்ன் போடுவோம். "ஒண்ணுமே விக்கலையே, எதுக்கு மேடம் போடணும்?" என்று ஒவ்வொரு கடைக்காரரும் கேட்பார். ஒன்றும் விற்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வெறும் இலை ஆடிய துண்டுக்கு "ஒன்றுமில்லை" என்று அழுத்துவதும் அதே கணக்கு. ஒரு கேமரா முன்னால் இத்தனை நாள் எதுவும் வரவில்லை என்பது தெரிந்தால்தான், வந்தது எவ்வளவு என்பதற்கு மதிப்பு. அப்புறம் எனக்கு இலைகள் மேல் கோபம் வரவில்லை.

எங்களோடு இருக்கும் அத்தை இதற்குள் வந்த விதம் வேறு. அத்தைக்கு ஊர் பண்ருட்டிப் பக்கம். பலா, முந்திரி எல்லாம் இருந்த குடும்பம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்ததில் பெரும்பாலும் சாய்ந்துவிட்டது. தோப்பில் பலா பழுக்கும் காலத்தில் குரங்கு விரட்டுவதுதான் சின்ன வயதில் அத்தைக்கு வேலையாம். எட்டரை மணி சீரியல் முடிந்ததும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "என்னம்மா பாக்கற?" என்பார். ஒருநாள் நான் "ஒன்றுமில்லை" அழுத்தப் போனேன்.

"இரு இரு. அந்த ஓரத்துல பாரு, கை."

"எங்க அத்தை?"

"மேல பாரும்மா. கீழயே பாக்கறியே. மரத்துல வர்றது மேலருந்துதான வரும்."

திரும்ப ஓடவிட்டேன். வலது மேல் மூலையில், முதல் நொடியில் மட்டும், ஒரு கறுத்த நீளமான கை கிளையை விட்டுவிட்டு மறைந்தது. அடுத்த துண்டில் முழுசாக இறங்கி வந்தது. வால் இல்லை. விரல் முட்டியை ஊன்றி நடந்தது. பின்னாலேயே ஒரு குட்டி. குட்டியின் பின்பக்கம் வெள்ளையாக ஒரு கொத்து முடி. அது சின்ன சிம்பன்சிகளுக்கு மட்டும் இருக்கும் அடையாளம். கேமராவைக் கண்டதும் குட்டி நின்று உற்றுப் பார்த்தது. தாய் கண்டுகொள்ளவே இல்லை. கேமராவை இளசுகள்தான் அதிக நேரம் முறைத்துப் பார்க்கின்றன என்று இதே கேமராக்களை வைத்து ஓர் ஆய்வே செய்திருக்கிறார்கள். அத்தை டிவியைப் பார்த்துக் கை ஆட்டுவதுபோலக் குட்டிக்குக் கை ஆட்டினார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் "வால் இருக்கா பாரு" என்பது மந்திரம். அத்தை முதலில் கேட்பதே அதுதான்.

அத்தையிடம் நான் கற்றதையும், தட்டுத் தடுமாறிக் கற்றதையும் இங்கே கொட்டிவிடுகிறேன். படத்தின் நடுவைப் பார்க்காதீர்கள், ஓரங்களைப் பாருங்கள், அதிலும் மேல் ஓரம். முதல் நொடியும் கடைசி நொடியும்தான் ஏமாற்றும். ஒவ்வொரு துண்டையும் இரண்டு தடவை ஓடவிடுங்கள். முதல் தடவை விலங்குக்கு, இரண்டாவது தடவை அதன் பின்னால் வருவது எத்தனை என்று எண்ண. வால் மறைந்திருந்தால் கையைப் பாருங்கள். சிம்பன்சிக்குக் காலைவிடக் கை நீளம், அதனால் நடக்கும்போது தோள் பக்கம் உயர்ந்து பின்பக்கம் சரிந்திருக்கும். காது விடைத்துக்கொண்டு தெரியும். இரவுக் காட்சிகளில் எல்லாம் சாம்பல் நிறம்தான், நிறத்தை நம்பக் கூடாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, திரையின் வெளிச்சத்தைக் கூட்டி வையுங்கள். செல்போனில் பார்த்தால் கண்தான் வலிக்கும், லேப்டாப் நல்லது. ஆனால் ஹாட்ஸ்பாட் போட்டால் நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக் கரைவது தெரியாது. மகனின் ஆன்லைன் வகுப்பு பாதியில் நின்று வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. முக்கியமாக, இருபது நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள். நாற்பது துண்டுக்குப் பிறகு கண் தனக்கு வேண்டியதைப் பார்க்க ஆரம்பித்துவிடும். நான் தப்பாக அழுத்தியதெல்லாம் "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று உட்கார்ந்த இரவுகளில்தான். தெரியவில்லை என்றால் யூகிக்காதீர்கள்.

நிவர் புயலின்போது, 2020 நவம்பர் 25 இரவு, இங்கே கரண்ட் போனது. திரும்ப வந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "அந்தக் குட்டி என்ன ஆச்சோ, பாரு." அப்போதுதான் சொல்ல வேண்டியதாயிற்று. இதெல்லாம் இன்றைக்கு எடுத்த படம் இல்லை அத்தை, சில வருடம் முந்தி எடுத்தது. அந்தக் குட்டி இப்போது பெரிசாகியிருக்கும். இல்லாமலும் போயிருக்கலாம்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப இது செவுத்துல மாட்டற போட்டோ மாதிரியா?" என்றார்.

மேற்கு ஆப்பிரிக்கச் சிம்பன்சிகள் 1990-இலிருந்து 2014-க்குள் 80 சதவீதம் குறைந்துவிட்டன. அந்த எண்ணை நான் அத்தையிடம் சொல்லவில்லை.

இதே காட்சிகளில் எனக்கு மறக்கவே முடியாதது கொட்டை உடைப்பு. ஒரு பெண் சிம்பன்சி வேர் மேல் கொட்டையை வைத்து, கல்லைத் தூக்கி, டொக். உள்ளே இருப்பதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. பக்கத்தில் ஓர் இளசு. அதுவும் கல்லைத் தூக்கியது. கொட்டை உருண்டு ஓடியது. எடுத்து வைத்தது, அடித்தது, திரும்ப ஓடியது. மூன்றாவது தடவை கல்லைப் போட்டுவிட்டுத் தாயின் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. இதைச் சரியாகக் கற்க அவற்றுக்குப் பல வருடம் ஆகிறதாம். பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவில், அதிலும் சில காடுகளில் மட்டும், தாயைப் பார்த்துப் பிள்ளை கற்றுக்கொள்ளும் வித்தை இது.

அத்தை கல்யாணத்துக்கு முன் முந்திரிக் கொட்டை உடைக்கப் போனவர். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்து, கட்டையால் ஒரே தட்டு. பருப்பு முழுசாக வர வேண்டும், உடைந்தால் கூலி குறையும். ஓட்டு எண்ணெய் பட்டுத் தோல் உரியாமலிருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். இன்றும் அத்தையின் இடது பெருவிரல் ஓரம் கறுத்துத்தான் இருக்கும். அந்த இளசைப் பார்த்து அத்தை, "கொட்டைய நிறுத்தி வெக்கத் தெரியல பாரு. படுக்க வெச்சா ஓடாம என்ன பண்ணும்?" என்று அதற்கே சொல்லிக்கொடுப்பதுபோல விரலை மடக்கிக் காட்டினார். "நானும் எங்கம்மா பக்கத்துல ஒரு மாசம் சும்மா உக்காந்துதான் பாத்தேன்."

இதை வைத்து ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2019-இல் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. 144 சிம்பன்சிக் கூட்டங்களில், கொட்டை உடைப்பது, புற்றில் குச்சி விடுவது போன்ற 31 பழக்கங்களைக் கணக்கெடுத்தார்கள். மனிதர்களின் தொந்தரவு அதிகமுள்ள இடங்களில் ஒரு பழக்கம் காணப்படும் வாய்ப்பு 88 சதவீதம் வரை குறைவு. கற்றுக்கொடுக்க ஆள் குறைந்தால் வித்தையும் போய்விடுகிறது. கட்டையால் கொட்டை உடைக்க அத்தை வீட்டில் இப்போது யாருக்கும் தெரியாது, மெஷின் வந்துவிட்டது. இரண்டும் ஒன்றல்ல என்று தெரியும். இருந்தாலும் படித்தபோது அந்தப் பெருவிரல்தான் ஞாபகம் வந்தது.

சொந்தக்காரர் ஒருவர் கேட்டார், நம்ம தேவனாம்பட்டினம் கடற்கரையில ஆமை செத்து ஒதுங்குது, நீ ஆப்பிரிக்கா குரங்கைப் பாக்கறியே என்று. நியாயமான கேள்வி. மறு வருடம் ஜனவரி முதல் மார்ச் வரை, பங்குனி ஆமை முட்டையிட வரும் பருவத்தில், சில இரவுகள் மற்றவர்களோடு கடற்கரையில் நடந்தேன். அங்கேயும் முக்கால்வாசி இரவுகள் நில் ரிட்டர்ன்தான். ஈர மணலில் ஐந்து கிலோமீட்டர் நடந்து ஒன்றும் இல்லை என்று நோட்டில் எழுதிக்கொடுத்துவிட்டு வர எனக்கு ஏற்கனவே பழகியிருந்தது. ஆசையாக வந்த காலேஜ் பிள்ளைகள் சிலர் மூன்றாம் நாளே நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், என் மகனும் பத்தாவது துண்டில் எழுந்து போனவன்தான்.

இன்னொன்று, வாட்ஸ்அப். சிம்பன்சிக்குச் சட்டை போட்டு, சைக்கிள் ஓட்டவிட்டு, மனிதர் மடியில் உட்கார வைத்து எடுத்த வீடியோக்கள் காலை வணக்கத்தோடு வரும். நானும் ஒரு காலத்தில் அனுப்பியவள். அமெரிக்காவில் கேட்டுப் பார்த்து 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மற்ற மனிதக் குரங்குகள் அழிவில் இருப்பதாக நினைத்தவர்களைவிட, சிம்பன்சி அழிவில் இருப்பதாக நினைத்தவர்கள் குறைவு. டிவியிலும் விளம்பரத்திலும் அடிக்கடி பார்ப்பதால் நிறைய இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். இப்போது குடும்பக் குழுவில் அப்படி ஒன்று வந்தால், "இதோட அம்மாவைக் கொன்னுட்டுத்தான் பிடிச்சிருப்பாங்க சித்தப்பா" என்று போடுகிறேன். குழு அமைதியாகிவிடும். கொஞ்சம் கெட்ட பெயர்தான், பரவாயில்லை.

போன வருடம் அத்தையைப் பண்ருட்டிக்கு அழைத்துப்போனேன். அவருடைய தம்பி மகன் முந்திரி வியாபாரம் செய்கிறான். குடோனில் கொட்டை மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. உள்ளூர்க் கொட்டை ஆலைகளுக்குப் போதாது, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. ஒரு சாக்கில் கினி பிசாவ் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. அந்த நாட்டில் காந்தன்யேஸ் என்ற காட்டுப் பகுதியில் சிம்பன்சிகள் முந்திரித் தோப்புக்குள் வரும். பழத்தை மட்டும் தின்றுவிட்டுக் கொட்டையை அப்படியே போட்டுவிடும். அங்கே மனிதர்களுக்குக் கொட்டைதான் காசு, அதனால் அந்த ஒரு பயிரில் இரண்டு பேருக்கும் பெரிய தகராறு இல்லை. இதைக் குடோனில் நின்றபடி அத்தையிடம் சொன்னேன்.

அத்தை சாக்கின் வாய்ப்பக்கம் தளர்ந்திருந்த தையலில் விரலை விட்டு ஒரு கொட்டையை எடுத்தார். புடவைத் தலைப்பில் துடைத்தார். காம்புப் பக்கம், பழம் ஒட்டியிருந்த இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"பழத்தக் கையால திருகி எடுத்ததா, கடிச்சு எடுத்ததான்னு தெரியலியேம்மா" என்றார்.

தம்பி மகன் என்னைப் பார்த்தான். அத்தை கொட்டையை இடுப்பில் சொருகிக்கொண்டு, டீ வந்துவிட்டதா என்று கேட்டபடி வெளியே நடந்தார்.